பத்தும் பதினாறும்

அத்தியாயம் 3

ஐந்தரைக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். வாட்டர் ஃபில்டருக்கு அடியில் இருந்த கிண்ணத்தை எடுத்து சிங்க்கில் கொட்டினேன். திரும்ப அதே இடத்தில் வைத்தேன். ஃபில்டருக்குப் போகும் ட்யூபில் ஒரு விரிசல். ஓர் இரவுக்கு ஒரு கிண்ணம். எட்டு மாதமாக அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

புது ட்யூப் வீட்டிலேயே இருக்கிறது. கறுப்பு கவரில், சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. விபத்து நடந்த இடத்திலிருந்து போலீஸ் எடுத்துக் கொடுத்த பொருட்களில் அதுவும் ஒன்று. முடிச்சை நான் அவிழ்க்கவில்லை.

இரண்டு தோசை. ஒன்று கல்லில் ஒட்டிக்கொண்டது. சுரண்டிச் சாப்பிட்டேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.

ஜானட் என் மனைவி. எண்ணூர் நெடுஞ்சாலை, கன்டெய்னர் லாரி. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. ஆனால் கடைசியாக என்ன சொன்னாள் என்று மட்டும் எல்லோரும் கேட்டார்கள். மாமியார், பங்குத் தந்தை, எதிர் வீட்டுக்காரர். 'பத்திரமா இரு' என்று சொன்னதாக ஒரு பதில் வைத்திருக்கிறேன். அது பொய். கேட்டவர்கள் அதை வைத்து நன்றாக அழுதார்கள். அதற்குத்தான் கேட்டார்கள்.

எட்டு மணிக்குக் கீழே ஸ்கூட்டர் ஹார்ன் மூன்று முறை அடித்தது. சிவந்தி. என் துப்பறியும் வேலையில் உதவியாளர். வியாசர்பாடிக்காரி. பத்து வருடம் பெண்கள் ஃபுட்பால் அணியில் தடுப்பாட்டம் ஆடியவள். எதிரில் வருபவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்பது அவன் முழங்காலைப் பார்த்தே தெரியும் என்பாள்.

"இன்னா தலைவரே, சட்டை வெறப்பா கீது. யாரைப் பாக்கப் போறோம்?"

"ஒரு கம்ப்யூட்டர."

"அதுவும் செத்த கம்ப்யூட்டரு. ஏறு."

வழக்கு இதுதான். அனம் என்று ஒரு பெண். இருபத்து நான்கு வயது. விம்கோ நகரில் ஒரு சின்னக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. கடலுக்கு அடியில் கப்பல்களின் அடிப்பாகத்தைப் படமெடுத்து, உடைசல் இருக்கிறதா என்று சொல்லும் கம்பெனி. படங்களைக் கோக்கும் பெரிய கம்ப்யூட்டரைக் கட்டியவள் அவள். சூடு தாங்காது என்பதால் உள்ளே தண்ணீர் ஓடவிட்டுக் குளிர்விக்கிற ஏற்பாடு. திங்கட்கிழமை காலை அந்தத் தண்ணீர் வெளியே வந்தது. கம்ப்யூட்டர் போயிற்று. மூன்று மாதமாக எடுத்த ஒரு சரக்குப் பார்ஜின் படங்கள் முழுவதும் போயின.

முதலாளி பிரகாஷ், அவள்தான் வேண்டுமென்றே செய்தாள் என்கிறான். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் அவள் ராஜினாமாக் கடிதம் கொடுத்திருந்தாள். துறைமுகத்துக்குள் ஒரு வேலை கிடைத்திருந்தது. உள்ளே போக பாஸ் வேண்டும். பாஸுக்கு போலீஸ் விசாரணை வேண்டும். அது நாளை மறுநாள். இன்று பன்னிரண்டு மணிக்கு பிரகாஷ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போகிறான். புகாரில் பெயர் ஏறினால் பாஸ் இல்லை. பாஸ் இல்லையென்றால் வேலை இல்லை.

மணி எட்டே கால்.

அனமின் தகப்பனார் சௌக்கத் அலிக்கு ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஹோஸ் கடை. படகுக்கு டீசல் ஹோஸ், தண்ணீர் லாரிக்கு உறிஞ்சு ஹோஸ், கிரேனுக்கு எண்ணெய் ஹோஸ். கடை முழுக்கச் சுருள் சுருளாக ரப்பர். நடுவில் ஒரு ஸ்டூலில் அனம். கையில் நோட்டு.

"வாங்க தம்பி," என்றார் சௌக்கத் அலி. "டீ சொல்லவா?"

"வேணாம் பாய். நேரமில்ல."

"எனக்கு நேரம் கீது," என்றாள் சிவந்தி. "சொல்லு பாய்."

டீ வந்தது.

"கம்ப்யூட்டருக்கு எதுக்கும்மா தண்ணி?" என்று சிவந்தி அனமிடம் கேட்டாள். "அது இன்னா மாடா?"

அனம் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. கோபம் மட்டும் ஒழுங்காக இருந்தது. நோட்டைத் திறந்து காட்டினாள். ஒரு பம்ப். அதிலிருந்து ட்யூப். சூடாகும் இரண்டு இடங்களில் இரண்டு செம்புக் கட்டி. கட்டியின் வழியாகத் தண்ணீர் ஓடிச் சூட்டை வாங்கிக்கொள்ளும். பிறகு ரேடியேட்டரில் ஆறும். மறுபடி பம்ப்.

"கார் மாதிரி," என்றேன்.

"கார் மாதிரிதான். ஆனா பிரகாஷ் சாருக்கு அது கார் மாதிரி இருக்கக் கூடாது. கல்யாண மண்டபம் மாதிரி இருக்கணும்." நோட்டின் அடுத்த பக்கம். "கண்ணாடி மாதிரி வெறப்பான ட்யூப் போடு, உள்ள செவப்புத் தண்ணி ஓடணும், லைட் எரியணும்னாரு. நான் முடியாதுன்னேன். எங்க ஆபீஸ் வாசல்ல கன்டெய்னர் லாரி போனா டேபிள்ல டீ ஆடும். வெறப்பு ட்யூப் அந்த அதிர்ச்சிய அப்படியே வாங்கும். என்னிக்காவது விரிசல் விடும். அதனால கறுப்பு ரப்பர் ட்யூப் போட்டேன். தடிச்ச சுவர். வளைச்சா மடங்காது. அசிங்கமா இருக்கும். ஆனா ஒழுகாது."

"ரேடியேட்டர்?"

"செம்பு. அலுமினியம் போட்டா செம்புக் கட்டியோட சேர்ந்து அரிச்சுக்கும். ஃபிட்டிங் பித்தளை, மேல நிக்கல். எட்டு வாங்கினேன். எட்டும் போட்டாச்சு. பெட்டி இதோ."

பெட்டியில் எட்டுக் குழி. எட்டும் காலி.

"ஃபிட்டிங்னா?" என்றாள் சிவந்தி.

அனம் கடையிலிருந்து ஒரு பித்தளைத் துண்டை எடுத்தாள். "இது பெரிசு, ஆனா விஷயம் ஒண்ணுதான். நடுவுல மூக்கு மாதிரி இந்த நிப்பிள். ட்யூப் இது மேல ஏறும். அப்புறம் வெளியிலருந்து ஒரு வளையத்தை முறுக்கணும். உள்ள நிப்பிளும் வெளிய வளையமும் சேர்ந்து ட்யூபைக் கவ்விக்கும். வெறப்பு ட்யூபுக்குப் போடுற ஃபிட்டிங்ல நிப்பிள் கிடையாது. ட்யூபைச் சும்மா உள்ள செருகணும். வெளிப்பக்கத்தை ஒரு ரப்பர் ரிங் புடிச்சுக்கும். வெறப்பா இருக்கிறதால நிக்கும்."

"ரெண்டும் பாக்க எப்படி இருக்கும்?"

"முறுக்கி முடிச்சப்புறம் ஒரே மாதிரி இருக்கும். ஒரு வெள்ளி உருளை. அவ்வளவுதான்."

அவள் போட்ட ட்யூபில் ஒரு துண்டு கடையில் கிடந்தது. அதை எடுத்து சௌக்கத் அலியிடம் நீட்டினேன்.

"பாய், இது என்ன சைஸ்?"

அவர் ட்யூபைப் பார்க்கவே இல்லை. சுண்டு விரலை ஓட்டைக்குள் விட்டார்.

"பத்து."

அனமிடம் கொடுத்தேன். அதே சுண்டு விரல். "பத்து எம்எம்."

"வெளியில அளந்தா?"

சௌக்கத் அலி என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "வெளிய எதுக்குத் தம்பி அளக்கணும்? தண்ணி உள்ளதானே போவுது. ஹோஸ்காரன் எவனும் வெளிய அளக்க மாட்டான். ஏர் லைன் ஆளுங்கதான் வெளிய அளப்பானுங்க. கம்ப்ரசர், காத்து மெஷின் பாக்குறவனுங்க. அவனுங்க பத்துன்னா அது வேற பத்து. இங்க வந்து பத்து குடுன்னு கேட்டு வாங்கினு போயி, மறுநாள் வந்து என்னாண்ட சண்ட போடுவானுங்க."

"உங்க ஆபீஸ்ல ஏர் லைன் ஆள் யாராவது?" என்று அனமிடம் கேட்டேன். யாராவது ஃபிட்டிங்கை மாற்றியிருந்தால், அவன் வெளியே அளக்கிறவனாக இருக்கலாம்.

யோசித்தாள். சொல்லப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது.

"பாஸ்கர் அண்ணன். பழைய ஃபேக்டரில கம்ப்ரசர் ஆபரேட்டரா இருந்தாரு. இப்ப ஆபீஸ்ல எல்லா வேலையும் பாக்குறாரு. அவர் செய்ய மாட்டாரு."

செய்யமாட்டார் என்று சொல்லப்பட்டவர்களைத் தேடித்தான் நான் சம்பளம் வாங்கியிருக்கிறேன். ட்யூப் துண்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அனமையும் ஒரு ஆட்டோவில் பின்னால் வரச் சொன்னேன்.

விம்கோ நகர். பழைய கோடவுன் ஒன்றை இரண்டாக வெட்டி, முன்பக்கம் கண்ணாடி போட்டிருந்தார்கள். நீலாழி இமேஜிங். உள்ளே ஏசி, தோல் சோபா, ஒரு பெரிய மீன் தொட்டி. தொட்டிக்குப் பக்கத்திலேயே மேஜை மேல் அந்தக் கம்ப்யூட்டர். பக்கக் கண்ணாடி கழற்றப்பட்டிருந்தது. இந்தக் கம்பெனி தண்ணீருக்குள் மூழ்கிப் பிழைப்பு நடத்துகிறது. வரவேற்பறையைப் பார்த்தால் தண்ணீர் மேல் அவர்களுக்கு இருந்த மரியாதை தெரிந்தது.

பிரகாஷ் நாற்பது வயதுக்காரன். கையில் மூன்று மோதிரம். மேஜை மேல் தட்டச்சு செய்த புகார்.

"ஈரமான கம்ப்யூட்டரப் பார்க்க வந்திருக்கோம்," என்றேன்.

"இன்சூரன்ஸா?"

நான் பதில் சொல்லவில்லை. சட்டையின் இஸ்திரி எனக்காகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். அவன் முகம் மலர்ந்தது.

"பாருங்க சார், பாருங்க. பிளான்டு சபோட்டாஜ். வேலைய விட்டுப் போறவ போற போக்குல செஞ்சிட்டா. பன்னெண்டு மணிக்கு ஸ்டேஷன்ல அப்பாயின்ட்மென்ட். அதுக்குள்ள முடிச்சிருங்க."

"இது எப்பவும் இந்த இடத்துலதான் இருக்குமா?"

"இல்ல இல்ல. பின்னால ரூம்ல இருந்தது. திங்கக்கிழமை கிளையன்ட் விசிட். முன்னால வெச்சா ஒரு லுக் இருக்கும்ல? ஞாயித்துக்கிழமை நானும் பாஸ்கரும் எடுத்து இங்க வெச்சோம். திங்கக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு ஆன் பண்ணேன். பத்து மணிக்கு ஃப்ளோர் ஃபுல்லா தண்ணி. அவ பத்தரைக்கு வந்தா. வாசல்லயே நிறுத்திட்டேன்."

"ட்யூப், ஃபிட்டிங் எதையாவது நீங்க தொட்டீங்களா?"

"நானா? நான் எம்பிஏ சார். அந்த ட்யூபு கீபு எல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாது. அது பிளம்பர் வேலை."

சிவந்தி மீன் தொட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடியில் வெள்ளைக் கூழாங்கல், ஒரு பிளாஸ்டிக் முக்குளிப்பவன், ஒரு புதையல் பெட்டி. முக்குளிப்பவனின் காலடியில் ஒரு வெள்ளி மோதிரம் பாதி புதைந்திருந்தது. ஒரு தங்கமீன் அதை முட்டிக்கொண்டிருந்தது.

"சார், மீனுக்கு நிச்சயதார்த்தமா? மோதரம்லாம் கீது."

"டெகரேஷன் மேடம்," என்றான் பிரகாஷ், திரும்பிப் பார்க்காமல். "எல்லாம் செட்டா வந்தது."

நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். எட்டு உருளைகள். ஏழு உருளைகள் கறுப்பு ட்யூபை ஒழுங்காகக் கவ்வியிருந்தன. எட்டாவது உருளை காலி. அதிலிருந்து கழன்ற ட்யூப் நாக்கு மாதிரித் தொங்கியது. கீழே மதர்போர்டு முழுக்க வெள்ளைக் கறை.

குனிந்து எட்டாவதற்குள் டார்ச் அடித்தேன். உள்ளே ஓட்டை. ஓரத்தில் ஒரு ரப்பர் ரிங். நிப்பிள் இல்லை.

சிவந்தி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "மூக்கறுந்து கீது," என்றாள் மெதுவாக.

"இது விறைப்பு ட்யூபுக்கானது. யாரோ மாத்தியிருக்காங்க. வெளிப்பக்கம் மட்டும் பிடிக்கும். ஒரு மணி நேரம் சூடானதும் ரப்பர் இளகிருக்கும். பம்ப் தள்ளியிருக்கும்."

"ஆர் மாத்துனது?"

"வெளியில அளக்கிறவன்."

பாஸ்கர் பின்பக்க அறையில் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தான். கத்திவாக்கத்துக்காரன். ஐம்பதுக்குப் பக்கம். அவன் மேஜையில் ஒரு வெர்னியர் அளவுகோல் கிடந்தது. சிவந்தி அதைப் பார்த்து என் விலாவில் இடித்தாள். எனக்கும் அதற்கு மேல் ஆதாரம் வேண்டியிருக்கவில்லை. ஏர் லைன் ஆள், அளவுகோல், ஞாயிற்றுக்கிழமை. சுலபமான வழக்கு. சுலபமான வழக்குகளை நான் வெறுப்பதில்லை. அவற்றில் வருகிற மனிதர்களைத்தான்.

"முன்னால வாங்க," என்றேன்.

வந்தான். கேபிளைக் கையிலிருந்து விடவில்லை.

"பேஜாரு புடிச்ச வேலைக்கா," என்று சிவந்தியிடம் முனகினான். "அந்தப் பொண்ண வுட்டா இந்த ஆபீஸ்ல மூள வெச்சினு இருந்தது யாருமே கெடையாது. அத்தப் போயி போலீஸ்ல மாட்டி வுடுறாங்க."

"நீ இன்னா அண்ணாத்த செஞ்ச?" என்றாள் சிவந்தி.

"தூக்கி வெச்சேன். அப்பால போ போன்னு அனுப்சிட்டாரு. அதான் செஞ்சேன்."

வரவேற்பறையில் நால்வரும் நின்றோம். பிரகாஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மணி பதினொன்றரை. கண்ணாடிக்கு வெளியே, வாசலில், அனம் நிற்பது தெரிந்தது. வாட்ச்மேன் அவளை உள்ளே விடவில்லை.

பையிலிருந்து ட்யூப் துண்டை எடுத்து பாஸ்கரிடம் நீட்டினேன்.

"இது என்ன சைஸ்?"

என் கணக்கு இது. ஹோஸ் ஆள் உள்ளே அளந்து பத்து என்பான். ஏர் லைன் ஆள் சுவரின் தடிமனையும் சேர்த்து வெளியே அளந்து பதினாறு என்பான். வெளிப்பக்கத்தைப் பிடிக்கும் அந்த எட்டாவது ஃபிட்டிங்கை வாங்கியவன் பதினாறு என்று கேட்டுத்தான் வாங்கியிருக்க முடியும். பாஸ்கர் வாயைத் திறந்தால் போதும்.

பாஸ்கர் ட்யூபை வாங்கினான். ஒரு முறை திருப்பினான். என்னைப் பார்த்தான்.

"உள்ளயா, வெளியயா சார்?"

நான் பதில் சொல்லவில்லை.

அந்தக் கேள்வி இதற்கு முன் ஒரு முறை என் காதில் விழுந்திருக்கிறது. ஃபோனில். அப்போதும் பதில் சொல்லவில்லை.

ஏசி ஓடியது. தொட்டியில் காற்றுக் குமிழ்கள் மேலே வந்து உடைந்தன. சிவந்தி என் முகத்தைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பாஸ்கர் ட்யூபை நீட்டியபடியே நின்றான்.

பிரகாஷுக்குத்தான் பொறுக்கவில்லை.

"பதினாறுய்யா," என்றான். "பதினாறு எம்எம். இத ஒரு கேள்வின்னு கேட்டு, இவன் ஒரு பதில் கேள்வி கேட்டு. ஒரு ட்யூபோட சைஸ் தெரியல, இவனுங்கள வெச்சுத்தான் நான் கம்பெனி நடத்துறேன்."

நான் திரும்பினேன்.

"எப்படித் தெரியும்?"

"என்ன?"

"பதினாறுன்னு."

"பாத்தா தெரியாதா?"

"தெரியாது. ஹோஸ் கடைக்காரர் பத்துன்னாரு. கட்டினவ பத்துன்னா. இருபது வருஷம் கம்ப்ரசர் பார்த்தவரு, எதைக் கேக்கிறீங்கன்னு என்னைக் கேட்டாரு. எம்பிஏ படிச்ச நீங்க மட்டும் தொடாமலே சொல்றீங்க. ஒண்ணும் தெரியாத ஆள் அரை இஞ்ச்னு சொல்லியிருப்பான். ஒரு விரல் தடிமன்னு சொல்லியிருப்பான். பதினாறுன்னு சொல்ல, கடையில போய்ப் பதினாறுன்னு கேட்டிருக்கணும்."

பிரகாஷ் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "கெஸ் பண்ணேன். அவ நோட்ல எங்கயாவது பாத்திருப்பேன். அவளேகூட தப்பான ஃபிட்டிங் போட்டிருக்கலாம்ல? அதான நானும் சொல்றேன்?"

அது மோசமான கேள்வி இல்லை. எட்டாவது ஃபிட்டிங் அனமுடையது இல்லை என்று நிரூபிக்க என்னிடம் ஒரு காலிப் பெட்டி மட்டும்தான் இருந்தது.

அப்போது சிவந்தி சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள்.

"என்ன பண்றீங்க மேடம்?" என்றான் பிரகாஷ்.

"நிச்சயதார்த்தத்த நிறுத்தப் போறேன்."

மீன் தொட்டிக்குள் கையை விட்டாள். தங்கமீன் சிதறியது. கூழாங்கல்லைக் கிளறி அந்த வெள்ளி மோதிரத்தை எடுத்து, சொட்டச் சொட்டக் கொண்டுவந்து, புகார் தாளின் மேல் வைத்தாள். மோதிரத்தின் வெளிப்பக்கம் முழுக்க விரல் வழுக்காமலிருக்கப் போட்ட சின்னச் சின்ன வரிகள். கம்ப்யூட்டரில் இருந்த ஏழு உருளைகளிலும் அதே வரிகள். உள்பக்கம் மரை.

"உன் டெகரேஷனு மரையோட வருதே நைனா," என்றாள். "அந்த முங்குறவன் பிளம்பரா?"

பாஸ்கர் வாசலுக்குப் போய் வாட்ச்மேனிடம் ஏதோ சொன்னான். அனம் உள்ளே வந்தாள். மோதிரத்தை எடுத்தாள். விளிம்பைத் துடைத்து வாசித்தாள்.

"பத்து, பதினாறு. ரெண்டும் போட்டிருக்கு. இது என் ஃபிட்டிங்கோட வளையம்."

நான் பிரகாஷிடம் சொன்னேன்.

"சனிக்கிழமை வரைக்கும் மெஷின் பின்னால ரூம்ல. ஞாயித்துக்கிழமை இங்க வந்தது. திங்கக்கிழமை இந்தப் பொண்ண வாசல் தாண்ட விடல. இந்த வளையம் இந்தத் தொட்டியில விழணும்னா ஞாயித்துக்கிழமைதான் விழுந்திருக்கணும். பாஸ்கர் தூக்கி வெச்சதும் அனுப்பிட்டீங்க. மிச்சம் யாரு?"

நான் அவனுக்காக யோசித்துக்கொடுத்தேன்.

"கிளையன்ட் வர்றாரு. கறுப்பு ட்யூப் அசிங்கமா இருக்கு. தண்ணிக்குச் செவப்புச் சாயம் போடலாம்னு ஒரு வளையத்தக் கழட்டினீங்க. கறுப்பு ட்யூப்ல அது தெரியாதுன்னுகூட உங்களுக்குத் தோணல."

அவன் கண் ஒரு நொடி மேஜையின் கீழ் இழுப்பறைக்குப் போயிற்று. சிவந்தி அதைத் திறந்தாள். சிவப்புச் சாயப் புட்டி, மூடி உடைக்காமல். பக்கத்தில் ஒரு நிப்பிள், வளையம் இல்லாமல்.

"முழங்கால் ஆடிச்சி," என்று என்னிடம் சொன்னாள்.

"வளையம் கையிலருந்து நழுவிடுச்சு," என்றான் பிரகாஷ் கடைசியில். குரல் சின்னதாகிவிட்டது. "எங்க விழுந்துச்சுன்னே தெரியல. அரை நாள் தேடினேன். கடையில அதே மாதிரி இருந்தது. அதே மாதிரிதாங்க இருந்தது. ட்யூப் கரெக்டா போச்சு. டைட்டா கூட இருந்தது."

"வெளிப்பக்கம் டைட்டா இருந்திருக்கும்," என்றாள் அனம். "உள்ள என்ன இருக்குன்னு நீங்க எதுலதான் பாத்தீங்க?"

மூன்று மாதம் கடலுக்கு அடியில் எடுத்த படங்கள், ஒரு பெண்ணின் வேலை, ஒரு தகப்பனின் தூக்கம். எல்லாம் சிவப்புத் தண்ணீருக்காக. திருடன் என்றால் எனக்குக் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும்.

"இப்ப நான் கிளையன்ட்டுக்கு என்ன சொல்றது?" என்றான் பிரகாஷ்.

"மீன் மேல கேஸ் குடு," என்றாள் சிவந்தி.

புகார் தாளில் மோதிரம் வைத்த இடத்தில் ஈரம் வட்டமாக ஊறி, அனமின் பெயர் பாதி கலங்கியிருந்தது. அவள் தாளை எடுத்து நான்காகக் கிழித்து அவனிடமே கொடுத்தாள்.

"ராஜினாமாவ ஏத்துக்கிட்டேன்னு ஒரு லெட்டர் வேணும். இப்பவே. வேற ஒரு வார்த்தையும் எழுத வேணாம்."

"யோசிச்சு..."

"எழுதிக் குடுங்க சார்," என்றான் பாஸ்கர். கேபிளை முதல் முறையாகக் கீழே வைத்திருந்தான். "இல்லேன்னா பன்னெண்டு மணிக்கு ஸ்டேஷனுக்கு நானும் வரேன். ஞாயித்துக்கெயம யாரு இருந்தா, யாரு போனான்னு நானே சொல்லிக்கிறேன்."

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பிரகாஷ் எழுதிக் கையெழுத்துப் போட்டான். அனம் இரண்டு முறை படித்துவிட்டு மடித்தாள். வாசலில் என்னிடம் நன்றி சொல்லவில்லை. பாஸ்கரிடம் சொன்னாள். அது சரிதான். நான் அவனைத்தான் பிடித்துக் கொடுக்கப் போயிருந்தேன்.

வீட்டு வாசலில் சிவந்தி ஸ்கூட்டரை நிறுத்தினாள். போகவில்லை. தண்ணீர் வேண்டும் என்று என் பின்னாலேயே மாடியேறினாள். எட்டு மாதத்தில் அவள் என் வீட்டுக்குள் வந்ததில்லை.

"அந்த ஆளு கேட்டப்போ நீ எங்க போன?" என்றாள் சமையலறையிலிருந்து.

"எங்கயும் போகல."

"போன. நான் பாத்தேன். சொம்மா நட்டுகினு நின்ன. அதுல தான் அந்தப் பீலா வுடுறவன் மாட்டுனான், அது வேற விசயம். நீயா நிக்கல."

நான் சோபாவில் உட்கார்ந்தேன். டம்ளர் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் இல்லை.

"இன்னா தலைவரே, கிண்ணம் வெச்சு ஒயுகுறதப் புடிச்சுகினு கீற. ஊரான் வூட்டு ஒழுகலுக்கு மட்டும் துப்பு துலக்குறியா?"

கதவு அசையும் சத்தம். பிளாஸ்டிக் கவரின் சத்தம். முடிச்சை அவள் பல்லால் கடித்து இழுப்பது கேட்டது. வேண்டாம் என்று சொல்ல எழுந்தேன். சொல்லவில்லை.

அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் ட்யூப். ஒன்று அல்ல. ஒன்று தடித்தது, ஒன்று மெல்லியது.

"ஒரு ஃபில்டருக்கு எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு உள்ள பத்து. இன்னொண்ணு வெளிய பத்து."

"எத்தக் கேட்ட?"

"ஜானட்கிட்ட பத்துன்னு மட்டும் சொன்னேன்."

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னை.

"'பத்திரமா இரு'ன்னு கடைசியா சொன்னான்னியே."

"அது மத்தவங்களுக்கு."

சிவந்தி இந்த முறை கிண்டல் செய்யவில்லை. சுவரில் சாய்ந்து நின்றாள். ஃபில்டரிலிருந்து கிண்ணத்தில் ஒரு சொட்டு விழுந்தது.

நான் சொன்னேன். அன்று காலை பத்தரை மணி. என் எதிரில் ஒருவன் ஏதோ ஃபைலோடு உட்கார்ந்திருந்தான். அவன் பெயர்கூட இப்போது ஞாபகம் இல்லை. ஜானட் கடையிலிருந்து கூப்பிட்டாள். ட்யூப் என்ன சைஸ் என்றாள். பத்து என்றேன். பின்னால் லாரிச் சத்தம். அவள் ஒரு கேள்வி கேட்டாள். நான் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள். பிறகு அவளே பதிலும் சொல்லிவிட்டு வைத்தாள்.

"இன்னா சொன்னா?"

"'உள்ளயா, வெளியயா? சரி, நீ வேலையப் பாரு. நான் ரெண்டுமே வாங்கினு வந்துர்றேன்.'"